வானம் பார்த்த கிருஷ்ணாபுரம்

தை அமாவாசை. திருநெல்வேலி ஜனமே தாமிரபரணிக் கரையில் நிற்கிறது. குறுக்குத்துறையில் கால் வைக்க இடமில்லை. எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஈர வேட்டியோடு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். நான் அந்தக் கூட்டத்தை விட்டு விலகி, பாளையங்கோட்டையில் திருச்செந்தூர் பஸ் ஏறிவிட்டேன். வி.எம். சத்திரம் தாண்டினால் கிருஷ்ணாபுரம். இங்கே இறங்கும் வெளியூர்க்காரர்கள் நேராக வெங்கடாசலபதி கோயிலுக்குத்தான் போவார்கள். ரதி, மன்மதன், வீரபத்திரன், குறத்தி என்று நாயக்கர் காலத்துக் கற்சிற்பங்கள் அங்கே உயிரோடு நிற்கும். நான் போவது அதே ஊரில் பெரும்பாலோர் எட்டிப் பார்த்திராத இன்னொரு வாசலுக்கு. முறைப்படி எழுதிக் கேட்டு, அனுமதி கிடைத்து, கையில் கடிதம்! வாங்க, சேர்ந்தே போவோம்.

வாசல் பலகையில் இருப்பது நீண்ட பெயர்: நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வுக்கூடம். நவி மும்பையில் தலைமையகம் வைத்திருக்கும் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் கிளை. உள்ளே எல்லாரும் 'ஈ.ஜி.ஆர்.எல்.' என்று சுருக்கிவிடுகிறார்கள். பூமியின் காந்தத்தையும், நம் தலைக்கு மேலே 60 கிலோமீட்டரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரை காற்றும் மின்சாரமும் போடும் ஆட்டத்தையும் இரவு பகலாகக் கவனிப்பது இவர்கள் வேலை. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21-ல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கேரளத்துத் தும்பாவிலிருந்து கிளம்பியதற்கு அந்தக் கோடுதான் காரணம். அதே கோட்டின் அருகே, மலைக்கு இந்தப் பக்கம், நம் நெல்லைச் சீமையில் இந்தக் கூடம்.

ஊக்கு இருக்கா, எக்கா?

முதல் சோதனையே ரசிக்கும்படி இருக்கிறது. காந்த அளவைக் குடிலுக்குப் போகும் வழியில் ஒரு மேஜை. அதன்மேல் பிளாஸ்டிக் கூடை. என்னைக் கூட்டிப்போகும் தொழில்நுட்ப ஊழியர், பல வருஷம் இங்கேயே பழுத்தவர், விரல் விட்டு எண்ணுகிறார். "போன், சாவி, பெல்ட்டு, பேனா, குடை எல்லாம் இதுல போட்டிருங்க. தலையில கிளிப்பு இருக்கா?" கழற்றினேன். "சேலையில ஊக்கு?" கழற்றினேன். "தாலிக்கொடியில?" நம் ஊர்ப் பெண்கள் அவசரத்துக்கு என்று தாலிக்கொடியில் ரெண்டு ஊக்கு கோத்து வைத்திருப்போமே, அதுவும் இவருக்குத் தெரிந்திருக்கிறது! "தாலி இருக்கட்டும், எக்கா. தங்கத்தைக் காந்தம் சீண்டாது. ஊக்கைத்தான் கழத்தணும்."

கூடை நிறைந்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு கூடை. அதில் ஊழியர்களின் சாவிக்கொத்து, டிபன் பாக்ஸ், ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, யாரோ விட்டுப்போன சைக்கிள் சாவி. குடிலுக்குள் போகிறவர் யாரானாலும், டெல்லியிலிருந்து வந்த அதிகாரியே ஆனாலும், இந்த மேஜையில் நின்றுதான் ஆகவேண்டும்.

குடில் சின்னது. கதவுக் கீல், தாழ்ப்பாள் எல்லாம் பித்தளை. இரும்பு ஆணி ஒன்று சுவரில் இருந்தாலும் அளவு கெட்டுப்போகும். நடுவே ஒரு தூண். தூண்மேல் நில அளவைக்காரர்கள் வைத்திருப்பார்களே தியோடலைட், அதன் காந்தம் ஒட்டாத வகை. தொலைநோக்கியின் முதுகில் விரல் அளவு உணரி. மாணவர் ஒருவர் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புகிறார். எண் பூஜ்யத்துக்கு வரவேண்டும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். வந்துவிட்டது! அவர் பாகை, கலை, விகலை என்று உரக்கச் சொல்ல, மூலையில் இருப்பவர் பென்சிலால் எழுதுகிறார். கருவியைத் தலைகீழாகப் புரட்டி மறுபடி. கிழக்கே ஒருதரம், மேற்கே ஒருதரம். வியர்வை கழுத்தில் வழிகிறது. மின்விசிறி கிடையாது, அதன் மோட்டாரில் இரும்பும் காந்தமும்தானே இருக்கிறது!

"தானா அளக்குற மெசின் இருக்கும்போது இதுக்கு ஏன் சார் இம்புட்டுப் பாடு?" என்று கேட்டேன். "மெசின் வினாடிக்கு வினாடி எழுதிக்கிட்டேதான் இருக்கு. ஆனா அது சொல்லுறது சரிதானான்னு யாரு பாக்கது? மனுசன்தான் வந்து பாக்கணும்." பென்சில்காரர் தலையைத் தூக்காமலே பதில் சொல்கிறார்.

காந்த நடுக்கோட்டை ஒட்டிய இந்த ஊரில் காந்த ஊசியைத் தடையில்லாமல் தொங்கவிட்டால் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். டெல்லியில் அதே ஊசி 40 பாகைக்கும் மேல் தலை கவிழும். பூமியின் காந்தம் இங்கே தரையோடு தரையாக ஓடுகிறது. பின்னால் நாம் பார்க்கப்போகும் வேடிக்கைகளுக்கெல்லாம் அதுதான் மூலம்.

மண்ணெண்ணெய்க்குள் ஒரு விசில்

அடுத்த கருவியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புரோட்டான் காந்தமானி. பார்வைக்கு ஒரு குப்பி, சுற்றிலும் கம்பிச்சுருள், அவ்வளவுதான். இந்த வகைக் குப்பிகளுக்குள் இருப்பது மண்ணெண்ணெய் போல ஹைட்ரஜன் நிறைந்த ஒரு திரவம். சுருளில் மின்சாரம் பாய்ச்சினால் திரவத்தில் உள்ள புரோட்டான்கள் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். மின்சாரத்தை வெட்டிவிட்டால் போதும், அத்தனையும் பூமியின் காந்தத்தைச் சுற்றித் தலையாட்டத் தொடங்கும். வினாடிக்கு எத்தனை ஆட்டம் என்று எண்ணினால் காந்தத்தின் வலிமை கையில். கிருஷ்ணாபுரத்தில் அது சுமார் 40,000 நானோடெஸ்லா. கணக்குப் போட்டால் வினாடிக்கு ஏறத்தாழ 1,700 ஆட்டம். ஒலிபெருக்கியில் கொடுத்தால் காதால் கேட்கக்கூடிய விசில்!

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். கண்ணால் காணவே முடியாத துகளின் சுழற்சியை இந்தக் கூடம் அன்றாடம் எண்ணிக்கொண்டிருக்கிறது. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வேலை பார்ப்பதும் இதே புரோட்டான் சுழற்சிதான். 2001-ல் ஐ.பி.எம். ஆய்வாளர்களும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினரும் 15 என்ற எண்ணை 3, 5 என்று பிரித்துக்காட்டிய ஆரம்பகால குவாண்டம் கணினியும் ஒரு திரவத்துக்குள் சுழன்ற 7 அணுக்கருக்களால் ஆனது. 2023 ஏப்ரலில் மத்திய அரசு ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 6,003 கோடி ரூபாய்க்கும் மேல். அணுக்களைக் கொண்டு மிக நுட்பமாகக் காந்தம் அளக்கும் கருவிகள் செய்வது அதன் இலக்குகளில் ஒன்று. குவாண்டம் என்றதும் நம் பிள்ளைகள் பெங்களூரையும் அமெரிக்காவையும் நினைக்கிறார்கள். திருச்செந்தூர் ரோட்டில் அது ஆரவாரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

பதினோரு மணி ஏற்றம்

கட்டுப்பாட்டு அறை. அடடா, இந்த அறையை நீங்கள் பார்க்கவேண்டும்! மேஜைக்கு அடியில் கேபிள்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் நீல மையில் எழுதிய சின்னத் துண்டுச்சீட்டு. யு.பி.எஸ். பெட்டி மேல் மாலை முரசு நாளிதழ், அதன் மேல் சாலிடரிங் அயர்ன், அதன் பக்கத்தில் யாருடையதோ பாதி தின்ற அல்வாப் பொட்டலம். சுவரில் ஆய்வு மாநாட்டுச் சுவரொட்டிகளுக்கு நடுவே நெல்லையப்பர் தினசரிக் காலண்டர். அதில் அமாவாசைகளுக்கு மட்டும் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறது. விரதத்துக்காக இல்லை. காரணம் ராத்திரி தெரியும்.

"எக்கா, ஸ்கிரீனைப் பாருங்க. ஏறுது!" காலையிலிருந்து சும்மா கிடந்த காந்த அளவுக் கோடு மேலே போகிறது. 10 மணி, 10.30, 11. மலை ஏறுகிறமாதிரி ஏறி, நண்பகலை ஒட்டி உச்சி தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். இதைச் செய்வது தரையில் இல்லை, மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில். பகலில் வெயில் பட்டு மின்னேற்றம் கொண்ட காற்றில், காந்த நடுக்கோட்டை ஒட்டிய சில நூறு கிலோமீட்டர் அகலப் பட்டையில், பல்லாயிரம் ஆம்பியர் மின்சாரம் மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்கிறது. எலக்ட்ரோஜெட் என்று இதற்கு 1951-ல் பெயர் வைத்தவர் சிட்னி சாப்மன். நாம் உச்சி வெயிலில் குடை பிடித்துப் போகும்போது தலைக்கு மேல் இத்தனை பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. ஒரு சத்தம் கிடையாது, ஒரு வெளிச்சம் கிடையாது. இந்தத் திரையில்தான் அது அகப்படுகிறது.

அதன் பலத்தை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள் தெரியுமா? மகாராஷ்டிரத்தின் அலிபாக்கிலும் ஒரு காந்த நிலையம் உண்டு. அங்கே எலக்ட்ரோஜெட் எட்டாது. திருநெல்வேலி எண்ணிலிருந்து அலிபாக் எண்ணைக் கழித்தால் மிஞ்சுவது எலக்ட்ரோஜெட். உலகம் முழுக்க ஆய்வுக் கட்டுரைகளில் இந்த இரண்டு ஊர்ப் பெயரும் ஜோடியாக வருவது இதனால்தான்.

அலிபாக்குக்கு நிலையம் போன கதையும் சுவையானது. முதலில் அது பம்பாய்க் கொலாபாவில் இருந்தது. 1859 செப்டம்பரில் வந்த பெரும் சூரியப் புயலின்போது கொலாபாவில் காந்தம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்ததைக் கையால் எழுதி வைத்தார்கள். அந்த ஏடு இன்றும் விஞ்ஞானிகளுக்குப் பொக்கிஷம். பிறகு பம்பாயில் மின்சார டிராம் விடத் தீர்மானித்தார்கள். டிராம் மின்சாரம் காந்த ஊசியைக் குழப்பும் என்று 1904-ல் அலிபாக்கில் புது நிலையம் எழுந்தது. போர்பந்தரிலிருந்து காந்தத் தன்மை இல்லாத கல் தருவித்துக் கட்டினார்கள். ஊர் வளர்ந்தால் அளவை ஒதுங்கிப் போகவேண்டும் என்ற நிலை அப்போதே வந்துவிட்டது.

சூரியப் புயல் என்றதும் அறையில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். 2024 மே 10, இந்திய நேரம் இரவு 10.35. காந்தக் கோடுகள் உலகெங்கும் ஒரே நேரத்தில் துள்ளின. மறுநாள் காலைக்குள் அதலபாதாளத்துக்குச் சரிந்தன. இருபது ஆண்டுகளில் வந்த மிகப் பெரிய புயல் அது. லடாக்கின் ஹான்லே வானம் சிவந்தது. "எல்லாரும் லடாக் போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. நாங்க இந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தோம். எங்களுக்கு இதான் அழகு" என்று ஒரு ஆய்வு மாணவி சொல்லும்போது அவள் முகம் மலர்ந்துபோகிறது.

பொதிகை உச்சியில் ஒரு துரை

மதியம் சாப்பாட்டுக்குப் பின் மொட்டை மாடி. மேற்கே மலைத்தொடர் மங்கலாகத் தெரிகிற திசையை ஒருவர் காட்டுகிறார். தாமிரபரணி பிறக்கும் பொதிகை. அங்கே அகத்தியர் மலை உச்சியில் 1855-ல் ஒரு ஆய்வகம் இருந்தது என்றால் நம்புவீர்களா?

ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837-ல் தொடங்கிய திருவனந்தபுரம் வானாய்வகத்தின் தலைவராக 1852-ல் வந்தவர். கடல் மட்டத்தில் அளந்தால் போதாது, உச்சியிலும் அளக்கவேண்டும் என்று பிடிவாதமாக, 6,000 அடிக்கும் மேலான அந்தச் சிகரத்தில் காந்தக் கருவிகளையும் வானிலைக் கருவிகளையும் கொண்டுபோய் வைத்தார். இன்றும் ஏறுவதற்கு மூச்சு வாங்கும் மலை. யானைக் காடு, அட்டை, மழை. பெயர் எழுதப்படாத எத்தனையோ பேர் தோளிலும் தலையிலும் சுமந்துதான் அந்தக் கருவிகள் மேலே போயிருக்கும். பூமியின் காந்தம் ஏறக்குறைய 26 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது, அதற்கும் சூரியன் சுழல்வதற்கும் தொடர்பு உண்டு என்று கண்டவர்களில் பிரவுன் முக்கியமானவர். அகத்தியர் வீற்றிருப்பதாக நாம் கும்பிடும் உச்சியில் உட்கார்ந்து சூரியனின் சுழற்சியைத் தேடியிருக்கிறார்கள். கிருஷ்ணாபுரத்துக் கோடு அந்த வரிசையின் தொடர்ச்சி.

ஆடும் ஆன்டெனாவும்

வெயில் தாழ்ந்ததும் ஆன்டெனாத் திடல். கம்பங்கள், கம்பங்களுக்கிடையே கம்பிகள், சுற்றிலும் உடைமரம், தூரத்தில் பனை. 1992 இறுதியில் இங்கே காற்றை அளக்கத் தொடங்கிய ரேடாரின் இடம் இது. ரேடார் என்றதும் சுழலும் கிண்ணத்தைக் கற்பனை செய்யாதீர்கள். இது 1.98 மெகாஹெர்ட்ஸ், அந்தக் காலத்தில் இலங்கை வானொலி கேட்டோமே மீடியம் வேவ், அதற்குச் சற்றே மேலே. ஒரு அலையின் நீளமே 150 மீட்டர். அதை நேராக மேலே அனுப்பி, 68 முதல் 98 கிலோமீட்டர் வரை உள்ள உயரங்களிலிருந்து திரும்பும் மெல்லிய எதிரொலியைப் பிடித்து, அங்கே காற்று எந்தப் பக்கம், என்ன வேகத்தில் வீசுகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழப் பறந்தால் எரிந்துவிடும். அதனால் அந்த அடுக்குக்கு விஞ்ஞானிகளே 'அறியாமை மண்டலம்' என்று கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் ஓதம் உண்டாம். சூரியன் காற்றைச் சூடாக்கச் சூடாக்க, 24 மணிக்கும் 12 மணிக்கும் ஒருமுறை காற்றே பொங்கி வடியும்.

மேலே அத்தனை நுட்பம். கீழே என்ன பாடு? "ஏலே, பாத்து! கம்பியில கால் மாட்டிராத!" ஒருவர் அரிவாளோடு சீமைக்கருவேலங் கன்றுகளை வெட்டிக்கொண்டு போகிறார். இன்னொருவர் கேபிளின் உறையைத் தடவிப் பார்க்கிறார். அணில் கடித்திருக்கிறதா என்று சோதனை. மழைக்காலத்தில் இடி விழுமோ என்று கவலை. கோடையில் பாம்பு. வேலிக்கு வெளியே ஆடு மேய்க்கும் பெரியவர் குரல் கொடுக்கிறார்: "என்னய்யா, மேல மழ தெரியுதா?" இவர்கள் பார்ப்பது மழை மேகத்தைவிடப் பல மடங்கு உயரத்தில். ஆனாலும் பதில் சிரித்த முகமாகத்தான் போகிறது: "தெரிஞ்சா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவோம், அண்ணாச்சி!"

சிலந்தி அசுரன்

இருட்டிவிட்டது. இப்போதுதான் விருந்து. காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டது இந்த ராத்திரிக்காகத்தான். நிலா இல்லாத, மேகம் இல்லாத இரவு வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் அது நன்றாக வாய்க்கும். அமாவாசை என்பதால் ராத்திரிச் சாப்பாட்டில் முட்டை கிடையாது. இட்லி, மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். "விஞ்ஞானமும் விரதமும் ஒண்ணாப் போகுது இன்னைக்கு" என்று ஒருவர் சொல்ல, அறையே சிரிக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் கட்டளை பறக்கிறது. வராந்தா லைட் அணை. சன்னல் திரையை இழு. போன் திரையை மூடு. சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் மட்டும் அனுமதி. தட்டித் தடவி மாடிக்கு ஏறினால், கூரையில் ஒரு கண்ணாடிக் குமிழ். அதன் அடியில் மீன்கண் லென்ஸ். வானத்தின் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை ஒரே வட்டத்துக்குள் அடக்கும் கேமரா. இரவெல்லாம் ஓடும். லென்ஸுக்குப் பின்னால் வடிகட்டிகள் பொருத்திய சக்கரம். ஒவ்வொரு படத்துக்கும் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு நீண்ட மௌனம்.

மாணவி முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? மென்மையான துணியால் குமிழைத் துடைத்தாள். பனி, தூசி, காக்கை எச்சம். "ஒருநாள் ஸ்கிரீன்ல எட்டுக் கால் வச்ச அசுரன் வானத்துல நடந்து வந்தான், அக்கா. பதறிட்டோம். மேல வந்து பாத்தா குமிழ் மேல சிலந்தி!" அன்றிலிருந்து சிலந்திக்குத் தனிக் கண்காணிப்பு.

எதைப் படம் பிடிக்கிறார்கள்? நட்சத்திரங்களை இல்லை. அவற்றுக்கு நடுவே கறுப்பு என்று நாம் நினைக்கும் வானத்தை. அது கறுப்பே இல்லை! பகல் வெயிலை வாங்கிக்கொண்ட உயரக் காற்று இரவெல்லாம் மெலிதாக ஒளிர்கிறது. ஏர்குளோ என்பார்கள். நம் கண்ணுக்கு எட்டாத அளவுக்கு மங்கல். சுமார் 97 கிலோமீட்டரில் ஆக்சிஜனின் பச்சை, 250 கிலோமீட்டர் வாக்கில் அதே ஆக்சிஜனின் சிவப்பு. அந்தச் சிவப்பை உமிழ ஒரு ஆக்சிஜன் அணு சராசரியாகக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் காத்திருக்கவேண்டும். அதற்குள் பக்கத்து அணு வந்து இடித்துவிட்டால் ஒளி போச்சு. காற்று மிக மெலிந்த உயரத்தில் மட்டும்தான் சிவப்பு தெரிவது இதனால். ஒரு படம் பதிய நாம் இங்கே இருட்டில் வாய் பொத்தி நிற்கிறோம். மேலே அணுவும் தன் முறைக்குக் காத்திருக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

கீழே திரையில் படம் விழுகிறது. வட்டமான வானம். மேற்கு விளிம்பில் பாளையங்கோட்டை வெளிச்சம் கசிகிறது. அது தவிர்த்து, பால்வெளிக்குக் குறுக்கே வரிவரியாக ஏதோ நகர்கிறது. "அலை!" மாணவி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். படித்துறையில் குடத்தை முக்கினால் வட்டமிட்டுக் கிளம்புமே ஆற்று அலை, அச்சு அசல் அதேதான், 90 கிலோமீட்டருக்கு மேலே! எங்கோ ஓர் இடிமேகம் பொங்கியதும், மலைமேல் காற்று மோதியதும் அலையாக மேலேறி அங்கே போய் உடைகின்றன. திருநெல்வேலிக் கேமராவில் பதிவான வினோத அலைமுனை ஒன்றைப் பற்றி 2009-ல் இங்கிருந்தவர்கள் எழுதிய ஆய்வுக்கட்டுரை வெளிநாட்டு ஆய்வு இதழில் வந்திருக்கிறது.

குமிழி

டீ வருகிறது. ஃபிளாஸ்கில் போட்டு வைத்த டீ, சுக்கு தூக்கலாக. கொசுவர்த்தியின் கங்கு கூட வெளிச்சம் என்று அதை வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள்! காத்திருக்கும் நேரத்தில் பழைய படங்களை ஓட்டிக் காட்டுகிறார்கள். சிவப்பு வடிகட்டியில் எடுத்தவை. வடக்கு தெற்காக நீண்ட கரும்பட்டைகள் வரிசை கட்டிக் கிழக்கே நகர்கின்றன. பிளாஸ்மாக் குமிழிகள். சூரியன் மறைந்ததும், மின்னேற்றம் கொண்ட உயரக் காற்றான அயனி மண்டலத்தின் அடியில் கிளம்பி மேலே எழும்புகிற, மின்துகள் அடர்த்தி குறைந்த பகுதிகள். பங்குனி, சித்திரையில் அதிகம். செயற்கைக்கோளின் ஜி.பி.எஸ். சமிக்ஞை இவற்றுக்குள் புகுந்தால் நடுங்கிப்போகும். போனில் வழி பார்க்கும் நமக்குச் சில மீட்டர் பிசகினால் பாதகமில்லை. விமானங்களுக்கு வழிகாட்டும் நம் நாட்டு 'ககன்' அமைப்பு இந்த நடுக்கத்தைக் கணக்கில் வைத்தே ஆகவேண்டும். குமிழி எந்த மாலை வரும், எந்த மாலை வராது என்று உறுதியாகச் சொல்ல இன்றைக்கும் யாராலும் முடியவில்லை. அதற்குத்தான் இத்தனை அமாவாசைகள் விழித்திருக்கிறார்கள்.

இரண்டு மணி வாக்கில் கிழக்கிலிருந்து மேகம். திரை வெள்ளையாகிறது. "போச்சு!" என்று எல்லாரும் ஒரே குரலில். யாரும் தூங்கப் போகவில்லை. ஒருவர் பதிவேட்டில் 'மேகம்' என்று நேரத்தோடு எழுதுகிறார். மேகம் வந்ததும் ஒரு தகவல்தான். அதை விட்டுவிட்டால் நாளைக்கு இந்த எண்களைப் பயன்படுத்துகிறவர் ஏமாந்துபோவார்.

நாள் முழுக்க இவர்களோடு இருந்ததில் எனக்கு விளங்கியது இது. கருவிகள் புதிது, கணினிகள் புதிது, குவாண்டம் புதிது. அவற்றை நம்பவைப்பது ஒரு பழைய ஒழுக்கம்: தன்னை விலக்கிக்கொள்வது. தன் இரும்பை, தன் வெளிச்சத்தை, தன் சத்தத்தை அகற்றிவிட்டு, வானம் சொல்வதை மட்டும் எழுதி வைப்பது. கொலாபா ஏடு 1859-க்குப் பயன்பட்டது, அதற்கு முந்தைய சாதாரண நாட்களையும் யாரோ விடாமல் எழுதியதால். கிருஷ்ணாபுரத்துக் கோட்டுக்கும் அதே மதிப்பு உண்டு. அடுத்த பெரும் சூரியப் புயல் வரும்போது இந்தக் கோட்டைத்தான் உலகம் கேட்டு வாங்கும்.

நெல்லை வளர்ந்துகொண்டே வருகிறது, வளரட்டும். திருச்செந்தூர் சாலையில் வீடு, கடை, மண்டபம் கட்டுகிறவர்கள் விளக்கை வானத்தைப் பார்த்து வைக்காமல் தரையைப் பார்த்து வையுங்கள். செலவு அதிகமில்லை, மின்சாரமும் மிச்சம். பள்ளி, கல்லூரி ஆசிரியர்களிடம் இன்னொரு வேண்டுகோள். நம் ஊர்ப் பிள்ளைகளை அறிவியல் சுற்றுலா என்று தொலைதூரம் கூட்டிப் போகிறோம். பாளையங்கோட்டையிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில் இந்தக் கூடம் இருக்கிறது. முறைப்படி கடிதம் எழுதி, அனுமதி பெற்று, ஒரு வகுப்பையாவது கூட்டிப் போங்கள். நாளைக்கு அந்தப் பதிவேட்டில் எழுத ஆள் வேண்டும்.